வாள் இங்கே! வார் எங்கே?

கோட்டை கண்டோம். அகழி கண்டோம். அகழி நீரில் தலைகீழாய் ஆடிய மதிலின் நிழலையும் கண்டோம். பதினாறாம் நூற்றாண்டிலே எழுந்த கருங்கல் அரண் அது. நாயக்கர் ஆண்டதும், பீஜப்பூரார் பிடித்ததும், மராட்டியர் புகுந்ததும், வெள்ளையர் வீற்றிருந்ததும் அங்கேதான். வேலூர்க் கோட்டைக்குள்ளே இருக்கிறது அரசு அருங்காட்சியகம். 1985 இல் தொடங்கப்பட்டு, பின்னர் கோட்டைக்குள் குடிபுகுந்தது. ஒரு ஞாயிறு காலை அதைக் காணச் சென்றோம்.

உடன் வந்தோர் நால்வர், நால்வரும் இளைஞர். ஆம்பூர்த் தோழர் இருவர், பேர்ணாம்பட்டுத் தோழர் ஒருவர், மேல்விசாரத் தோழர் ஒருவர். ஆம்பூர்த் தோழர்களில் ஒருவருடைய அன்னை காலணித் தொழிற்சாலையில் தையல் எந்திரத்தின் முன் குனிந்தபடி வாழ்நாளைக் கழிப்பவர். பேர்ணாம்பட்டுத் தோழரின் தந்தையோ முப்பதாண்டுக் காலம் தோல் ஷாப்பிலே சுண்ணாம்புக் குழியில் கால் நனைத்தவர். படித்த பிள்ளைகள். பகுத்தறிவுப் பாசறையில் பழகிய பிள்ளைகள். எதையும் ஏன் என்று கேட்கும் பிள்ளைகள். அவர்களை அழைத்துச் சென்றதுதான் நாம் செய்த நன்மை, வேறென்ன சொல்ல!

உள்ளே என்ன கண்டோம்? கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்கு முற்பட்டதென்று கூறப்படும் வெண்கல வாள் ஒன்று. பிடியின் முனையிலே இரண்டு கொம்புகள், பூச்சியின் உணர்கொம்புபோல. அழகிய பொருள், மறுக்கவில்லை. பல்லவர் காலத்திலிருந்து விசயநகர காலம் வரைக்குமான சிலைகள். காசுகள். கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கன் ஆடிய தந்தச் சதுரங்கக் காய்கள்! 1815 இல் அரியணை இழந்து, வெள்ளையரால் இக்கோட்டையிலே சிறைவைக்கப்பட்டு, 1832 இல் மாண்டான் அம்மன்னன். நாடு இழந்த மன்னன் பொழுதுபோக்கக் காய் நகர்த்தினான். அந்தக் காய்கள் இன்று கண்ணாடிப் பேழைக்குள்ளே கண்சிமிட்டுகின்றன. மக்கள் வாழ்வைச் சொல்லும் மானிடவியல் பகுதியும் உண்டு. சுற்றிச் சுற்றி வந்தோம். பார்த்த பொருளையே மீண்டும் பார்த்தோம்.

பேர்ணாம்பட்டுத் தோழர் மெல்லக் கேட்டார்: "அண்ணே, எல்லார் வீட்டுப் பொருளும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பொருள் எங்கே?"

நமக்கு விடை வரவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்து மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே போனால் மேல்விசாரம், இராணிப்பேட்டை. பாலாற்றின் இருகரையும் தோல். ஊருக்கு ஊர் தோல். உலகின் பல நாட்டுக் கால்கள் இவ்வூர்த் தோலிலே நடக்கின்றன. நாம் தேடியவரையில் அந்தத் தோலைப் பதனிட்டவன் கையிலிருந்த கத்தி கண்ணில் படவில்லை. அவன் தைத்த செருப்பின் வார் ஒன்றும் கண்ணில் படவில்லை. வாள் இருக்கிறது, வார் இல்லை. கொன்றவன் கருவி இருக்கிறது; தைத்தவன் கருவி இல்லை. ஓர் ஊரின் ஊழியர்களை மட்டும் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் தம்மிடம் வந்ததைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எது வரவேண்டும், எது வரவேண்டாம் என்று நெடுங்காலத்துக்கு முன்பே தீர்மானித்தவன் ஒருவன் இருக்கிறானே, அவன்மீதுதான் நம் வழக்கு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோட்டையின் பெரும்புகழுக்கே காரணம் ஒரு துண்டுத் தோல்! 1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது: சிப்பாய்கள் நெற்றியில் குறி இடலாகாது, தாடி வளர்த்தலாகாது, புதிய தலைப்பாகை அணிதல் வேண்டும். அந்தத் தலைப்பாகையிலே தோலாலான குச்சம் ஒன்று. பொங்கினர் சிப்பாய்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை குருதியில் நனைந்தது. திப்புவின் மக்கள் அங்கே காவலில் இருந்தமையும், அடிமைப்பட்டோர் உள்ளத்திலே புகைந்த நெருப்பும் சேர்ந்தே அந்தப் புரட்சியைப் பற்றவைத்தன. அன்னியனுக்கு அஞ்சாது எழுந்தவர்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தலையிலே தோல் பட்டால் இழிவு என்று கொதித்தார்களே, அந்தத் தோலை உரித்துப் பதனிட்டுப் பளபளப்பாக்கித் தந்த கைகளைப் பற்றி எந்த வரலாற்றாசிரியன் ஒரு பக்கம் எழுதினான்? குச்சம் வரலாறு ஆயிற்று. குச்சம் செய்தவன் குப்பையானான்!

தோல் என்றால் முகஞ்சுளிப்போரே, உங்களைத்தான் கேட்கிறோம். எந்தத் தோல்? புலித்தோலை இடையிலே கட்டினால் கடவுள். மான்தோலை விரித்து உட்கார்ந்தால் முனிவன். பூணூல் போடும் பையனுக்கு மான்தோல் துண்டு அணிவித்தால் அது சடங்கு, அது புனிதம். மாட்டுத்தோலைப் பதனிட்டவன் மட்டும் தீண்டத்தகாதவன்! செத்த யானையின் தந்தம் பேழைக்குள்ளே. செத்த சங்கின் ஓடு பூசையறையிலே. புழுவைக் கொதிநீரிலிட்டுக் கொன்று உருவிய பட்டு மணவறையிலே. மிருதங்கமோ மேடையிலே! பசு, எருமை, ஆடு என மூவினத் தோலும் அதில் உண்டு. தனி ஆவர்த்தனத்திலே தலையாட்டுவோர் அதைத் தொட்டுக் கும்பிடுவர். அதற்குத் தோல் வெட்டி, வார் பிடித்து, ஓசை பார்த்துக் கொடுத்தவனை அண்மைக்காலம் வரையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 2020 இல்தான் பாடகர் டி. எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தோலில் இராமனை வரைந்து ஆட்டினால் தோற்பாவை, அது கலை. அதே தோலைக் காலுக்குத் தைத்தால் கீழ்மை. தோலில் இல்லையடா தீட்டு. தொட்ட ஆளைப் பார்த்து ஒட்டவைத்த சீட்டு அது!

ஆம்பூர் என்ற உடனே வெளியூரார் நாவிலே ஊறுவது பிரியாணி. மகிழ்ச்சி. அந்த ஆட்டின் கறியை உண்ட வாய் "ஆகா" என்கிறது. அதே ஆட்டின் தோலைச் சுமந்த வண்டி தெருவிலே போனால் அதே முகத்தின் மூக்கு மூடிக்கொள்கிறது.

பழந்தமிழ் நூலையும் புரட்டிப் பார்த்தோம். புறநானூற்றின் 82 ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி போர்புரிந்த விரைவுக்குப் புலவர் ஓர் உவமை தேடுகிறார். மின்னலைத் தேடவில்லை, புயலைத் தேடவில்லை. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதோ சாய்கிறது; அந்நேரம் கட்டிலுக்கு வார் பின்னுகின்றவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாய் ஓடுமோ அவ்வளவு விரைவு என்கிறார்! என்ன கண் அந்தப் புலவருக்கு! வார் பின்னுபவனுக்கு மனைவி உண்டு, விழா உண்டு, வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரம் உண்டு என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டவர். ஆனால் அந்தப் பாட்டிலேயே அவனுக்கு வைக்கப்பட்ட பெயர், அவன் இழிந்தவன் என்னும் பொருளுடையது. மன்னனின் வீரத்தை அளக்க அவன் ஊசி வேண்டும். ஊசிக்காரனை அளக்க இழிசொல் போதும். தமிழ்ப் பெருமை பேசும் நாம் இதையும் மறைக்காமல் பேசத்தான் வேண்டும்.

அவன் செய்தது என்ன? அறிவுலகம் வியக்கும் வேதியியல்! பச்சைத்தோல் இரண்டு நாளில் நாறி அழுகும். உப்பிட்டுக் கொண்டுவந்த தோலை நீரில் ஊறவைத்தான். சுண்ணாம்புக் குழியிலிட்டான், மயிர் வேர் தளர்ந்தது. சாய்ந்த மரக்கட்டையின்மேல் விரித்து, இரு கைப்பிடியுள்ள வளைந்த கத்தியால் மயிரையும் சவ்வையும் சீவி எடுத்தான். கை ஒரு நூலளவு அழுந்தினால் தோல் கிழியும், கூலியும் கிழியும். பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றிலே நாட்கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைத்தான், கடுக்காயும் சேர்த்தான். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்தது. அழுகும் பொருள் அழுகாப் பொருளாயிற்று. 1948 இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றி ஆய்கருவிகளால் விளக்கியதை, அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மூக்காலும் விரல் நுனியாலும் அறிந்து வைத்திருந்தவன் அவன். பள்ளிக்கூட வாசலை அவனுக்கு மூடிவைத்துவிட்டு அவனை அறிவிலி என்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் படைவீரன் காலிலிருந்த பூட்சின் மேல்தோலுக்காக, சென்னை மாகாணத்துத் தோலை அரசே வாங்கிக் குவித்தது. அந்தப் போரின் வாளையும் துப்பாக்கியையும் உலகெங்கும் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். போர்வீரனை நடக்க வைத்தவன் வாழ்ந்த ஊரில் அவன் நினைவுக்கென்று என்ன இருக்கிறது?

அயல்நாட்டான் என்ன செய்தான் என்று பாருங்கள். ஜெர்மனியில் ஆஃபன்பாக் தோல் நகரம். 1917 இலேயே, அதே போரின் நடுவிலே, தோலுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்கள். ஸ்பெயினில் இகுவலாதா, 1954 இல் தோல் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தோல் பதனிடும் கட்டடம் ஒன்றையே, குழியும் கல்லும் மாறாமல் காக்கிறார்கள். இங்கிலாந்தில் வால்சால், 1988.

ஜப்பான் கதைதான் நமக்கு மிக நெருக்கம். அங்கும் தோல் தொட்டவன் தீண்டத்தகாதவன். 1871 இல் சட்டம் போட்டு அந்தப் பிரிவை ஒழித்தார்கள், மனத்தில் ஒழியவில்லை. ஒசாகா நகரில் தோல் தொழிலாளரும் முரசு செய்வோரும் வாழ்ந்த பகுதியிலேயே 1985 இல் மனித உரிமை அருங்காட்சியகம் எழுந்தது. ஒடுக்கப்பட்டோர் தம் கதையைத் தாமே சொன்ன இடம். பள்ளிப் பிள்ளைகள் சாரைசாரையாகச் சென்று கண்டார்கள். பிறகு ஆட்சி மாறிற்று. நகராட்சிப் பணம் நின்றது. 2020 இல் கதவு மூடப்பட்டது. ஆக, மக்கள் அருங்காட்சியகம் என்பது ஒருமுறை கட்டிவிட்டால் முடிந்துவிடும் வேலை அன்று. ஆண்டவன் கோயிலுக்கு உண்டியல் நிறையும். அடிமையின் கதைக்கோ ஒவ்வோர் ஆண்டும் போராட வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர் மாளிகை, பட்டு நெசவாளர் இல்லம், உழவர் வீடு, குயவர் வீடு; பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். உழைப்புக்கு உரிய பாராட்டு உண்டு. ஆனால் பெயர்த்து நடுவதற்குத் தேக்குத் தூண் வேண்டும், கடைந்த கதவு வேண்டும். ஆற்றோரச் சேரியில், மழைக்கு ஒழுகி வெயிலுக்கு வெந்த ஓலைக் குடிசையைப் பெயர்த்தால் கையில் என்ன மிஞ்சும்? ஆகையால் அந்த வாழ்வைக் காட்ட வேறு வழி தேட வேண்டும்.

நாம் இதைப் பேசத் தொடங்கியதும், நம்மிலேயே ஒரு தோழர் சீறினார். "குலத்தொழிலுக்குக் கோயில் கட்டச் சொல்கிறீர்களா? 1953 இல் இராசாசி அரசு அரைநாள் படிப்பு, அரைநாள் தகப்பன் தொழில் என்றபோது குலக்கல்வி என்று கூறி நாடே எதிர்த்ததே! 1954 இல் அத்திட்டம் குழிதோண்டிப் புதைக்கப்பட்டதே! இப்போது நீங்களே தோல் தொழிலைத் தொல்பெருமை என்று தூக்கிப் பிடிப்பதா?"

நல்ல கேள்வி. சீறியது சரி. மக்கள் கலை, மரபு, பண்பாடு என்று இன்று பேசப்படும் பேச்சில் பாதி, சாதிக்குச் சந்தனம் பூசும் பேச்சுதான். களிமண் பொம்மை செய்து, முகத்தில் ஒரு புன்னகையும் ஒட்டி, கீழே குலத்தின் பெயரை எழுதி வைத்துவிடுவார்கள். பார்ப்பவன், "ஆகா, எவ்வளவு இனிய வாழ்வு!" என்று எண்ணிப் போவான். அப்படி ஒரு பொம்மையை நாம் கேட்கவில்லை. பொம்மை வைப்பதாயின் வைக்காமலிருப்பதே மேல். நாம் கேட்பது சாட்சி. கத்தியை வையுங்கள், கத்தி பிடித்தவனின் கையிலே சுண்ணாம்பு அரித்த புண்ணின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். குழியைக் காட்டுங்கள்; அதில் இறங்கியவன் எச்சாதி, மேலே நின்று கணக்கெழுதியவன் எச்சாதி என்பதையும் எழுதுங்கள். மகன் தகப்பன் தொழிலுக்குத் திரும்புவதற்காக அல்ல. தகப்பனைப் பற்றி மகன் வாய்திறந்து பேசுவதற்காக! கல்லூரியிலே "உன் தந்தை என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "கம்பெனியில் வேலை" என்று கண்ணைத் தாழ்த்தும் பிள்ளைகளை நாம் அறிவோம். உடன் வந்த நால்வரில் ஒருவர் அப்படிச் சொல்லி வந்தவர்தான். அன்றுதான் நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

இன்னொருவர் கேட்பார்: "பாலாற்றைக் கொன்ற தொழிலுக்கா பரிவு?" அதையும் மறைக்கச் சொல்லவில்லை. 1970 களில் மைய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. முழுதும் முடித்த தோலாக விற்றால் அன்னியச் செலாவணி அதிகம் என்பது கணக்கு. வாரக்கணக்கில் ஊறிய ஆவாரம்பட்டை பின்னடைந்தது. ஒரு நாளில் வேலையை முடிக்கும் குரோமிய உப்பு முன்னேறியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது நம் பழமொழி. ஆவாரையைக் கைவிட்ட பின் கிணறு செத்தது, நிலம் செத்தது, தென்னை செத்தது. 1996 ஆகஸ்டு 28 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதென்ற ஆய்வுக் கணக்கு அதில் இடம்பெற்றது. கெடுத்தவனே ஈடுசெய்க என்றது நீதிமன்றம். தோல் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்டுக என்றது. 2025 சனவரி 30 இல் அதே உச்ச நீதிமன்றம், ஈட்டுத்தொகை கொடுங்கள், ஆற்றை மீட்க குழு அமையுங்கள் என்று மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே கழிந்த ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் ஒரு விடியல், 2015 சனவரி 31: இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் அந்தச் சேற்றிலே மாண்டனர். அவர்களில் மிகப் பலர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நஞ்சை முதலில் குடித்தவன் அந்தத் தொழிலாளி. கிணற்று நீரைப் பாழாக்கிய பழியையும் அவன் தலையிலேயே சுமத்திவிட்டு, இலாபம் எண்ணியவனும் அனுமதி அளித்தவனும் நழுவலாகாது. அருங்காட்சியகத்திலே ஒரு புட்டி பாலாற்றுக் கிணற்று நீரை வையுங்கள். அருகே தீர்ப்பின் நகலை வையுங்கள். அந்தப் பத்துப் பேர் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று எழுதி வையுங்கள்.

இலக்கியம் இந்த வேலையை முன்பே தொடங்கிவிட்டது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்ற பெயரிலேயே நாவலாக்கினார். 2012 இல் அதற்குச் சாகித்திய அகாதமி பரிசும் கிட்டியது. பேனா பிடித்தவன் நுழைந்த இடத்திலே பேழை வைத்திருப்பவன் நுழைய ஏன் தயங்க வேண்டும்?

காலமோ காத்திருக்காது. பட்டைக்குழியில் வேலைசெய்த முதியோர் ஒவ்வொருவராக மறைகிறார்கள். பழைய ஷாப்புகள் இடிக்கப்பட்டு மனைகளாகின்றன. குழிகளை மண்ணிட்டு மூடுகிறார்கள். மரக்கட்டையை அடுப்புக்கு வெட்டுகிறார்கள். கத்தியைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். கவலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தொங்கிய தோற்குழல், அதைத் தைத்தவனுக்குக் களத்திலே அளந்த நெல்லின் கணக்கு, காலணி ஆலைக்கு முதன்முதல் சென்ற பெண்ணின் கூலிச் சீட்டு, எல்லாம் போகும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019 இல் மாவட்டம் மூன்றாயிற்று. மூன்றிலும் பலகைகள் புதிது, அலுவலகங்கள் புதிது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மூடிக்கிடக்கும் ஒரு பழைய ஷாப்பை அரசு எடுத்து, குழியைக் குழியாகவே விட்டு, கூரையை மட்டும் செப்பனிட்டால் போதும். பளிங்குத்தரை வேண்டாம். அங்கே விளக்கம் சொல்லும் வேலையை ஓய்வுபெற்ற தொழிலாளிக்குக் கொடுங்கள். அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதும் இல்லை. படிப்பகம் நடத்தும் தோழர்களே, உங்கள் படிப்பகத்திலே ஓர் அலமாரியைக் காலிசெய்யுங்கள். தெருவிலுள்ள பாட்டனிடம் போய்க் கேளுங்கள். பொருளைக் கொடுத்தால் வாங்குங்கள், கொடுக்காவிட்டால் படம் எடுங்கள், பேசினால் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது வாயிலருகே பார்வையாளர் குறிப்பேடு இருந்தது. பலரும் "அருமை", "நன்று" என்று எழுதியிருந்தார்கள். பேர்ணாம்பட்டுத் தோழர் பேனாவை வாங்கி, "என் தந்தை தோல் பதனிட்டவர். அவர் கத்திக்கு இங்கே இடம் வேண்டும்" என்று எழுதித் தம் பெயரையும் ஊரையும் கீழே போட்டார்.

வாயிலிலே இருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதைப் படித்தார். நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, எங்க மாமா வாணியம்பாடியில கத்தி பிடிச்சவரு. எண்பது வயசு ஆவுது. கத்தி இன்னும் பரண்மேலதான் கெடக்குது. யாரும் கேட்டதில்ல, நாங்களும் எடுக்கல."

தெருவின் பெயரைக் குறித்துக்கொண்டோம். வரும் ஞாயிறு வாணியம்பாடி செல்கிறோம்.